கைப்பேசியில் எடுத்த கூத்தும் டிவிடி பிளேயரும்

இளம் அறிவியல் – இயற்பியல், மூன்றாம் ஆண்டு

“தட்டில் படம் இருக்கிறது. கணிப்பொறியில் போட்டால் ஓடுகிறது. வீட்டிலுள்ள டிவிடி பிளேயரில் போட்டால் மட்டும் ஓடமாட்டேன் என்கிறது. இது என்ன மாயம்?”

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் நான் பல வீடுகளில் கேட்ட கேள்வி இது. மாயம் ஒன்றும் இல்லை, நண்பர்களே! இதன் காரணத்தை அறிந்துகொண்டால், ஒரு மாலைப்பொழுதில் அந்தப் படத்தைப் பிளேயருக்கு ஏற்றவாறு நாமே மாற்றிவிடலாம். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

“டிவிடி பிளேயரா? அது போன தலைமுறைப் பொருளாயிற்றே!” என்று நகரத்து நண்பர்கள் நகைக்கக்கூடும். அவர்கள் ஒருமுறை எங்கள் பக்கம் வந்து பார்க்கட்டும். தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே, பூப்போட்ட துணி போர்த்தி, அந்தக் கறுப்புப் பெட்டி இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று வயர்கள் அதனின்றும் தொலைக்காட்சிக்குச் செல்கின்றன. கைப்பேசியைத் தொடவும் அஞ்சும் முதியவர்கள், அந்தப் பிளேயரின் ரிமோட்டை மட்டும் தடுமாறாமல் இயக்குகிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுப் பழக்கம்!

எனக்கும் இந்தத் தேவை வீட்டில்தான் பிறந்தது. பாகூர் கொம்யூனைச் சேர்ந்த எங்கள் ஊரில் திரௌபதி அம்மன் திருவிழாவின்போது பாரதக் கூத்து நடக்கும். என் தாத்தா கர்ண வேடம் கட்டுபவர். 2017ஆம் ஆண்டு அவர் கட்டியதே கடைசி வேடம். அடுத்த திருவிழாவுக்கு அவர் இல்லை. அந்த இரவின் காட்சிகளை என் சித்தப்பாவும், அத்தை மகன்கள் இருவரும் தத்தம் கைப்பேசிகளில் துண்டு துண்டாகப் பிடித்து வைத்திருந்தனர். எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரம் இருக்கும். ஆயாவுக்குக் கண்ணில் புரை. கைப்பேசியை நீட்டினால், “இந்தக் கண்ணாடிச் சில்லுல எனக்கு என்னடா தெரியும்? டிவில போடு, அவரு கொரலையாவது நல்லா கேக்குறேன்” என்பார்.

நகரத்து வீடியோக் கடை ஒன்றில் கொடுத்தோம். பணத்தை வாங்கிக்கொண்டு, கோப்புகளை அப்படியே ஒரு தட்டில் ஏற்றித் தந்துவிட்டார்கள். பிளேயர் அதை ஏற்கவில்லை. திரும்பப் போய்க் கேட்டபோது “உங்கள் பிளேயர் பழுது” என்று விடை வந்தது. பிளேயரில் ஒரு பழுதும் இல்லை.

பிளேயர் அறிந்த மொழி

டிவிடி என்னும் முறைக்கான உடன்பாடு 1995ஆம் ஆண்டில் ஏற்பட்டது. முதல் பிளேயர்கள் 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தன. அன்று கைவசம் இருந்த சிறந்த படச்சுருக்க முறை ‘எம்பெக்-2’ என்பதாகும். ஆகவே அந்த ஒரு மொழியைப் படிக்கும் சில்லையே பிளேயருக்குள் வைத்தார்கள். நம் கைப்பேசி பேசும் மொழியோ ‘எச்.264’. அது 2003இல்தான் பிறந்தது. புதிய கைப்பேசிகள் சில 2013இல் வந்த ‘எச்.265’இல் பேசுகின்றன. தனக்குப் பின் பிறந்த மொழியை அந்தப் பிளேயர் எங்ஙனம் அறியும்?

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். ‘எம்பி4’ என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் நிற்பது மொழி அன்று, அது பெட்டி. அந்தப் பெட்டிக்குள் படம் ஒரு மொழியிலும், ஒலி வேறொரு மொழியிலும் அடைபட்டிருக்கின்றன. பெட்டியின் பெயரை மாற்றி எழுதினால் உள்ளிருக்கும் பண்டம் மாறிவிடாது. கோப்பின் வால்பெயரை மாற்றிவிட்டு “மாற்றியாயிற்று” என்று மகிழும் நண்பர்கள் நம் விடுதியிலேயே உண்டு!

அப்படியானால் கணிப்பொறியில் மட்டும் எப்படி ஓடுகிறது? கணிப்பொறிக்குப் புதிய மொழியைக் கற்பிக்கலாம் என்பதே விடை. நாம் பலரும் பயன்படுத்தும் ‘விஎல்சி’ என்னும் மென்பொருள், பாரிசு நகரின் எக்கோல் சாந்த்ரால் கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கிய ஒரு மாணவர் திட்டத்தின் விளைவு. (மாணவர் திட்டம் என்றால் ஏட்டோடு முடிவது என்று எண்ணுவோர் கவனிக்க!) அதனுள் எம்பெக்-2, எச்.264 முதலிய பல மொழிகளுக்கும் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். பிளேயரின் சில்லுக்கோ புதுப் பாடம் ஏறாது. எனவே படத்தைத்தான் நாம் மாற்றியாக வேண்டும்.

படம் எவ்வாறு சுருங்குகிறது?

நம் நாட்டு முறைப்படி டிவிடி படம் என்பது 720 புள்ளி அகலமும் 576 புள்ளி உயரமும் உடையது. விநாடிக்கு 25 படங்கள். பெருக்கிப் பாருங்கள். ஒரு படத்துக்கு 4,14,720 புள்ளிகள். விநாடிக்கு 1,03,68,000 புள்ளிகள். ஒரு புள்ளிக்குச் சராசரி 12 பிட் என்று கொண்டாலும், விநாடிக்கு ஏறத்தாழ 12 கோடியே 44 லட்சம் பிட் ஆகிறது. தட்டின் கொள்ளளவு 470 கோடி பைட். அஃதாவது 3,760 கோடி பிட். சுருக்காமல் எழுதினால் ஏறத்தாழ ஐந்து நிமிடப் படத்திலேயே தட்டு நிரம்பிவிடும்.

எம்பெக்-2 செய்யும் தந்திரத்தைக் கூத்துக் களரியைக் கொண்டே விளக்கலாம். வேடக்காரர் நுழையும் முன் இருவர் திரை பிடித்து நிற்கிறார்கள். திரைக்குப் பின்னிருந்து பாட்டு வருகிறது. அப்போது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் ஏதேனும் வேறுபாடு உண்டா? திரை சற்று அசைகிறது, அவ்வளவே. எனவே முழுப்படம் ஒன்றை எழுதிவிட்டு, தொடரும் படங்களுக்கு “முன்னதில் இருந்தபடியே, இந்தப் பகுதி மட்டும் இத்தனை புள்ளி நகர்ந்தது” என்று குறிப்பு எழுதினால் போதுமன்றோ? நம் முறையில் 15 படங்களுக்கு ஒன்றேனும் முழுப்படமாக இருக்க வேண்டும் என்பது விதி. இடையில் உள்ளவை எல்லாம் வேறுபாட்டுக் குறிப்புகளே. முழுப்படத்தையும் 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய வேறுபாடுகளைக் கழித்துவிடுகிறார்கள்.

திரை விலகுகிறது. கர்ணன் கிறுக்கி அடித்துச் சுழன்று வருகிறான். இப்போது என்ன ஆகும்? கை, கால், கிரீடம், புஜக்கட்டை, பாவாடை அனைத்தும் ஒருங்கே நகர்கின்றன. “முன்னதுபோல” என்று எழுத ஒன்றுமே இல்லை. குறிப்பு பெருகுகிறது, பிட்டுகள் செலவாகின்றன. வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டத்தை எடுத்தவர்களுக்கும் இதே தொல்லைதான். துணைநிலை ஆளுநர் வடம் தொட்டு இழுக்க, பிரெஞ்சுக்காரர் காலந்தொட்டு வரும் வழக்கப்படி தேர் புறப்படும்போது, தேரும் நகர்கிறது, ஆயிரம் தலைகளும் நகர்கின்றன, கைப்பேசி பிடித்தவர் கையும் நடுங்குகிறது! போதிய பிட் ஒதுக்காவிட்டால் படம் கட்டம் கட்டமாக உடைந்து, மொசைக் தரைபோலத் தோன்றும். இரவில் எடுத்த படங்களில் இருட்டுப் பகுதியெங்கும் மணல் தூவியதுபோல் ஒரு புழுதி தெரிகிறதல்லவா? சுருக்கும் மென்பொருள் அதையும் அசைவென்றே எண்ணிப் பிட்டுகளை அதற்கும் வாரி இறைக்கிறது. ஆகவே மாற்றும் முன் அந்தப் புழுதியைச் சற்றுத் துடைத்துவிடும் வடிகட்டியை இயக்குவது நலம்.

எத்தனை பிட் ஒதுக்கலாம் என்பது சாதாரண வகுத்தல் கணக்கு. இரண்டு மணி நேரம் என்பது 7,200 விநாடி. 3,760 கோடியை அதனால் வகுத்தால் விநாடிக்குச் சுமார் 52 லட்சம் பிட். ஒலிக்கு 2 லட்சம் போக, 50 லட்சம் படத்துக்கு எஞ்சும். அஃதாவது இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். கொஞ்சம் இடம் விட்டு 48 லட்சம் என்று நான் வைத்தேன். கூத்து தெளிவாகவே வந்தது. ஒரு மணி நேரப் படத்துக்கு இதே கணக்கைப் போட்டால் ஒரு கோடிக்கு மேல் வரும். ஆனால் படத்துக்கு 98 லட்சத்துக்கு மேல் டிவிடி விதி இடம் தராது. வீட்டில் எழுதிய தட்டைப் படிக்கும்போது பழைய பிளேயர்கள் திணறுவதும் உண்டு. ஆதலால் 80 லட்சத்தோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு.

விடிய விடிய நடந்த எட்டு மணி நேரக் கூத்தையும் ஒரே தட்டில் அடைக்கலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். விநாடிக்கு 13 லட்சம் பிட்தான் கிடைக்கும். அது பழைய விசிடியின் 11½ லட்சத்தை ஒட்டிய அளவு. விசிடியில் படம் 352க்கு 288 என்று கால் பங்காக இருந்தது என்பதையும் மறக்கலாகாது. நான்கு தட்டுகளில் பிரித்து எழுதுங்கள் என்றேன். தட்டின் விலையைவிடக் கூத்து பெரிது.

‘இரண்டு சுற்று’ முறை ஒன்று மென்பொருள்களில் உண்டு. முதல் சுற்றில் படம் முழுவதையும் பார்த்து எங்கே அசைவு மிகுதி என்று கணக்கெடுக்கும். இரண்டாம் சுற்றில் திரை பிடித்த இடத்தில் மிச்சம் பிடித்து, கிறுக்கியில் செலவிடும். நேரம் இருமடங்கு ஆகும். ஆனால் கூத்துக்கும் தேருக்கும் இதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒலியும் உருவமும்

டிவிடியில் ஒலி விநாடிக்கு 48,000 மாதிரிகளாக இருக்க வேண்டும். ‘ஏசி-3’ என்னும் முறை எல்லாப் பிளேயர்களுக்கும் தெரியும். சில மென்பொருள்கள் சுருக்காத ஒலியைத் தாமாகவே தேர்ந்துவிடும். அதற்கு 15 லட்சத்து 36 ஆயிரம் பிட் வேண்டும். நம்மிடம் உள்ள 52 லட்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ஒலியே விழுங்கிவிடும்! முகவீணையும் மத்தளமும் ஏசி-3இல் 2 லட்சத்துக்குள்ளாகவே நன்றாகக் கேட்கும்.

ஒலியைப் பற்றிப் பலர் சொல்லும் குறை வேறு: “பாட்டு முன்னே போகிறது, வாய் பின்னே அசைகிறது.” கைப்பேசிகள் விநாடிக்கு 30 படம் எடுப்பதாகச் சொல்லிக்கொண்டாலும், வெளிச்சம் குறைந்தால் தாமாகவே படங்களைக் குறைத்துக்கொள்கின்றன. களரி விளக்கின் கீழ் 30 என்றால், வேடக்காரர் இருட்டுக்கு நகர்ந்ததும் 24 அல்லது 20. டிவிடிக்கு இந்த ஏற்ற இறக்கம் ஆகாது. மாற்றும்போது ‘நிலையான பட வேகம்’ என்பதைக் கட்டாயம் குறிக்க வேண்டும். 30ஐ 25 ஆக்கும்போது விநாடிக்கு ஐந்து படங்கள் கழிவதால் அசைவில் இலேசான வெட்டு தெரியும். பிளேயரும் தொலைக்காட்சியும் அமெரிக்க முறையான என்டிஎஸ்சியையும் ஏற்பவையாக இருந்தால், 720க்கு 480, விநாடிக்கு 29.97 என்று அதிலேயே எழுதிவிடலாம், வெட்டு வராது. எங்கள் பிளேயர் ஏற்றது.

அடுத்து உருவம். 720க்கு 576 என்னும் அதே கட்டத்தைப் பழைய 4:3 திரைக்கும், அகலமான 16:9 திரைக்கும் இழுத்துக் காட்டுவது டிவிடியின் வழக்கம். எந்த விகிதம் என்று கோப்பில் ஒரு குறி இருக்கும். அந்தக் குறியும் பிளேயரின் அமைப்பும் முரண்பட்டால் கர்ணன் ஒட்டடைக் குச்சியாகவோ, பூசணிக்காயாகவோ ஆகிவிடுவான். கைப்பேசியை நெட்டுக்குத்தாகப் பிடித்து எடுத்த படங்கள் பெருந்தொல்லை தருபவை. 16:9 திரையில் அவை நடுவே மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தையே நிரப்பும். பழைய பெட்டித் தொலைக்காட்சியில் காட்டுவதானால் அத்தகைய படத்தை 4:3 ஆகவே எழுதுவது நல்லது. ஐந்தில் இரண்டு பங்காவது தெரியும். இனியேனும் படம் எடுப்போர் கைப்பேசியைப் படுக்கையாகப் பிடிப்பார்களாக!

பழைய பெட்டிகளுக்கு இன்னொரு குணம் உண்டு. படத்தின் நான்கு ஓரங்களிலும் கொஞ்சம் கொஞ்சம் திரைச் சட்டத்துக்குள் மறைந்துவிடும். சினிமாப் பாட்டுக்கு இது பெரிதன்று. கூத்து வேடத்திலோ கிரீடத்தின் உச்சி போய்விடும். எனவே மாற்றும்போதே படத்தைச் சிறிது சுருக்கி, சுற்றிலும் கறுப்பு விளிம்பு விட்டேன்.

தட்டில் எழுதும் முறை

மொழி மாற்றியதோடு வேலை முடியவில்லை. டிவிடியில் பொருள்களை வைக்க ஓர் ஒழுங்கு உண்டு. ‘வீடியோ டிஎஸ்’ என்னும் பெயருடைய அறைக்குள், படமும் ஒலியும் பின்னிய ‘விஓபி’ கோப்புகள் ஒரு கிகாபைட்டுக்கு மேற்படாத துண்டுகளாக இருக்க வேண்டும். எந்தப் பொத்தானை அழுத்தினால் எங்கே போவது என்று சொல்லும் ‘ஐஎஃப்ஓ’ கோப்பும், அது பழுதானால் உதவ அதன் நகலும் உடனிருக்க வேண்டும். இந்த அடுக்கு இல்லாமல் எம்பெக்-2 படத்தை மட்டும் தட்டில் போட்டால் பல பிளேயர்கள் திகைத்து நிற்கும்.

மாற்றுவது, அடுக்குவது, எழுதுவது ஆகிய மூன்றையும் ‘டிவிடி ஸ்டைலர்’ என்னும் இலவச மென்பொருள் ஒன்றே செய்துவிடும். கட்டளை தட்டச்சு செய்ய அஞ்சாதவர்கள், ஃபாப்ரிஸ் பெல்லார் என்னும் பிரெஞ்சுக்காரர் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ‘எஃப்எஃப்எம்பெக்’கைப் பயன்படுத்தலாம். அதில் ‘பால் டிவிடி’ என்று இலக்கைக் குறித்துவிட்டால் அளவு, வேகம், ஒலி அனைத்தையும் அதுவே சரி செய்துகொள்ளும். அடுக்குவதற்கு மட்டும் வேறு கருவி வேண்டும். ‘ஹேண்ட்பிரேக்’ என்பதைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அது டிவிடியிலிருந்து கோப்பு செய்யும் கருவி. நம் வேலைக்கு எதிர்த்திசை!

தட்டு வாங்கும்போது ‘ஆர்’ என்று குறித்தது ஒருமுறை எழுதுவது. ‘ஆர்டபிள்யூ’ அழித்து எழுதுவது. முதலில் அழித்து எழுதும் தட்டில் சோதித்துவிட்டு, பின்பு நல்ல தட்டில் எழுதலாம். தட்டு தாங்கும் உச்ச வேகம் 16 மடங்கு என்றாலும் 4 அல்லது 8 மடங்கில் எழுதுவதே என் வழக்கம். எழுதி முடித்தபின் தட்டை ‘மூடும்’ கட்டளையைத் தவறவிடக் கூடாது. மூடாத தட்டைப் பிளேயர் வெற்றுத் தட்டென்றே கருதும்.

எழுதுவது என்றால் என்ன? கடையில் விற்கும் சினிமா டிவிடியில் குழிகள் அச்சிடப்படுகின்றன. நம் தட்டிலோ ஒரு சாயப் படலம் இருக்கிறது. 650 நானோமீட்டர் சிவப்பு லேசர் அதைச் சுட்டு அடையாளம் செய்கிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 0.74 மைக்ரான்! சாயம் என்பதால் வெயிலும் வெப்பமும் அதற்குப் பகை. நம் பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாக அளித்த செய்தியைப் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்தவர் ஒன்பதாம் நூற்றாண்டில் செப்பேட்டில் வெட்டினார்கள். அதைப் படிக்கப் பிளேயர் தேவையில்லை. எழுத்தறிந்த கண் போதும். நம் தட்டுக்கோ கண்ணும் வேண்டும், பிளேயரும் வேண்டும், சன்னலோரத்தில் வைக்காத மனிதரும் வேண்டும்.

பிரான்சிலிருந்து வந்த நாடாக்கள்

எங்கள் பக்கத்தில் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் பல. அங்கிருந்து உறவினர் அனுப்பிய திருமண வீடியோ நாடாக்கள் சில வீடுகளில் வண்ணம் இன்றிக் கறுப்பு வெள்ளையாகவே ஓடின. “அங்கே ஒளி குறைவு” என்று காரணம் சொன்னார்கள்! உண்மை வேறு. பிரான்சு 1967இல் வண்ணத்துக்கு மேற்கொண்ட முறை ‘செக்கம்’. இந்தியா 1982இல் மேற்கொண்டது ‘பால்’. கோடுகளும் பட வேகமும் ஒன்றே. வண்ணத்தைக் குறிக்கும் முறைதான் வேறு. எனவே உருவம் வந்தது, வண்ணம் வரவில்லை. டிவிடியில் இத்தொல்லை இல்லை. தட்டில் இருப்பது எண்கள். அவற்றைப் பாலாகவோ செக்கமாகவோ ஆக்குவது பிளேயரின் வேலை. கடையில் வாங்கிய பிரெஞ்சு டிவிடி ஓடாவிட்டால் அதற்குக் காரணம் மண்டலப் பூட்டு: பிரான்சு 2ஆம் மண்டலம், இந்தியா 5. வீட்டில் எழுதும் தட்டுக்கு இந்தப் பூட்டு கிடையாது. அத்தை இங்கே எழுதிய தட்டை மகனுக்குப் பாரிசுக்கு அனுப்பலாம், அங்கும் ஓடும்.

பிளேயரின் முகப்பில் யுஎஸ்பி துளையும், ‘டிவ்எக்ஸ்’ என்னும் எழுத்தும் இருந்தால் தட்டே வேண்டியதில்லை. படத்தை எக்ஸ்விட் முறையில், 720க்கு 576க்கு மேற்படாமல் ‘ஏவிஐ’ கோப்பாக்கிப் பென்டிரைவில் இட்டால் போதும். பென்டிரைவ் ‘ஃபேட்32’ அமைப்பில் இருக்க வேண்டும்; அதில் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது என்பதையும் நினைவில் கொள்க.

எதைச் செய்தாலும் கைப்பேசியில் எடுத்த அசல் கோப்பை அழித்துவிடாதீர்கள். அசலில் ஒரு படத்துக்கு 20,73,600 புள்ளிகள். டிவிடியில் இருப்பது சரியாக ஐந்தில் ஒரு பங்கு. கழித்த நான்கு பங்கை எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது. தாத்தாவின் கூத்து எங்கள் வீட்டில் இரு தட்டுகளிலும், அசல் ஒரு வன்தட்டிலும், மற்றொரு படி சித்தப்பா வீட்டிலும் இருக்கின்றன.

இதில் ஐயமுள்ள நண்பர்கள், தங்கள் பிளேயரின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, கோப்புடன் மதிய இடைவேளையில் எங்கள் துறைக்கு வரலாம். தட்டில் எழுதும் கருவியுடன் கூடிய கணிப்பொறி அங்கே இன்னும் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.